ஞானத்தகப்பனின் தொப்பை

தொப்பையைக் கரைக்க உழைப்பு என்றொரு வழி இருப்பதாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்த வழி தெரியாது. நான் சென்னைக்கு பஸ் ஏறினேன்.

லைபோசக்‌ஷன் என்பது வேறொன்றுமில்லை. பாகூர் பக்கம் வயலில் போர் போடுவதுபோல வயிற்றில் நாலு இடத்தில் துளை போட்டு, குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது. (வயலில் சில சமயம் தண்ணீர் வராமல் போகும். என்னிடம் அந்தக் குறையே இல்லை.) விஷயம் என் மனைவி ஸ்டெல்லாவுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு, 'கம்பெனி டிரெயினிங்'.

சில வாரங்களில் தொப்பை போனது, வலி போகவில்லை. தும்மினால் வலி. சிரித்தால் வலி. வில்லியனூர் ரோட்டில் வண்டி வேகத்தடை ஏறினால் என் முன்னோர்களுக்கும் சேர்த்து வலி. சட்டைக்குள்ளே மார்பு முதல் இடுப்பு வரை, தலையணை உறைபோல டாக்டர் மாட்டிவிட்ட இறுக்கமான பனியன்.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"இன்னா மாமா, பாதியா ஆயிட்ட? இன்னா பண்ண?" என்று கேட்டான் செலியமேட்டிலிருந்து வந்த மச்சான் அருள், ஸ்டெல்லாவின் தம்பி.

"நடைடா! காலைல அஞ்சு மணிக்கு எழுந்து நட. ராத்திரி கேவுரு கூழு. மனசு வெச்சா முடியும்டா."

அவன் நம்பிவிட்டான். மறுநாளிலிருந்து விடியும் முன்பே சோரியாங்குப்பம் வரை நடை, இரவில் கூழ், பிரியாணிக்குத் தடை.

"அந்தப் புள்ள காஞ்சி பூட்டான். உண்மைய சொல்லிடுங்க," என்றாள் ஸ்டெல்லா.

"சொன்னா மானம் போவும்டி."

"அவன் புள்ளைக்கு ஞானஸ்நானத்துல ஞானத்தகப்பனா நிக்கப் போறது நீங்க. பொய்ய வெச்சிக்கினு பீடத்தாண்ட போவீங்களா?"

போகலாம் என்றுதான் நினைத்தேன். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. அத்தனை சொந்தக்காரர்களில் அருள் என்னைத்தான் தேர்ந்தெடுத்திருந்தான். 'மாமா ஒரு ஃபிராடு' என்று தெரிந்தால் அந்த இடம் போய்விடுமே!

ஞானஸ்நான நாளும் வந்தது. ஆண்பிள்ளையை ஞானத்தகப்பன்தான் ஏந்த வேண்டும் என்பது என் மாமனார் வீட்டு வழக்கம். எடை தூக்கக் கூடாது என்பது டாக்டர் வழக்கம். பையனோ கொழுகொழு என்று ஏழு கிலோ.

"குடுங்க, நான் வெச்சிக்கிறேன்," என்றாள் ஸ்டெல்லா.

"நீ சும்மா இரு அக்கா! தெனம் நடக்கிற ஆளு, மாமாவுக்கு இதெல்லாம் ஒரு வெயிட்டா?" என்று அருள் பிள்ளையை என் கையில் வைத்தான்.

பங்குச் சாமியார் மைக்கில் கேட்டார்: "சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?"

பிள்ளை காலை மடக்கி, சரியாகத் துளை போட்ட இடத்தில் ஓர் உதை விட்டது.

"ஐயோ!" என்றேன்.

சாமியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அவன் செயல்கள் அனைத்தையும்?"

அடுத்த உதை. "ஐயய்யோ, அம்மா!"

"சாத்தான் வெளிய வருதுபா," என்று பின்வரிசையில் யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

ஸ்டெல்லா பாய்ந்து பிள்ளையை வாங்கிக்கொள்ள, நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாரடைப்பு என்று பயந்த அருள், காற்று வரட்டும் என்று என் சட்டைப் பொத்தான்களைப் பிய்த்தான். பனியன் தரிசனம் தந்தது.

"இன்னா மாமா இது?"

"லைபோசக்‌ஷன்டா," என்றாள் ஸ்டெல்லா. (இந்த நாளுக்காகவே காத்திருந்தாள் போல.) "ஆஸ்பத்திரில போயி உறிஞ்சி எடுத்துட்டு வந்தாரு. நடக்கவும் இல்ல, கூழும் குடிக்கல."

மைக் எல்லாவற்றையும் கோயிலுக்கு அறிவித்தது. அருளின் அடுத்த கேள்வியையும் சேர்த்து: "அப்ப நானு பிரியாணி துன்னாம கெடந்தது?"

இடம் போச்சு என்றே நினைத்தேன். அருள் கொஞ்ச நேரம் முறைத்தான். பிறகு என்னை மெதுவாகத் தூக்கி நிறுத்தி, என் வலது கையை எடுத்து, ஸ்டெல்லா ஏந்தியிருந்த பிள்ளையின் தோளில் வைத்தான்.

"கேளுங்க சாமி," என்றான்.

"சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?"

"விட்டுவிடுகிறேன்."

"பொய்யை?" புத்தகத்தில் இல்லாத கேள்வி.

"அதையும், சாமி."

கோயிலே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கு அதுதான் அதிகம் வலித்தது.

விருந்தில் அருள் எனக்கு எதிரே உட்கார்ந்து, என் கண்ணையே பார்த்துக்கொண்டு மூன்று தட்டு பிரியாணி சாப்பிட்டான்.

பையனுக்கு இப்போது ஆறு வயது. என் தொப்பையும் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது. போன ஞாயிறு சாப்பிடும்போது, "நாளையிலேர்ந்து வாக்கிங் போவப் போறேன்," என்றேன்.

என் ஞானப்பிள்ளை தட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"எந்த ஆஸ்பத்திரி வரிக்கும் மாமா?"