ராகுகாலத்தில் விழுந்த விமானம்

வுப்பர்டால்,
புதன்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி சிவஞானசுந்தரம் அவர்களுக்கு, உருத்திரமூர்த்தி கைகூப்பி எழுதிக்கொள்வது. திருவருளால் இவ்விடம் யாவரும் நலம். தங்கள் காரின் முன்கண்ணாடி ஒன்றே நலமில்லை.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, என் முதலாவது மாதிரி விமானப் பாடத்தைக் காணத் தாங்கள் கழக மைதானத்திற்கு எழுந்தருளினீர்கள். புட்பக விமானத்தை ஏட்டில் மட்டுமே கண்டிருந்த எனக்கு, ஓய்வுபெற்ற பின் ஒன்றைக் கையால் ஓட்டும் ஆசை பிறந்தது என் ஊழ். கழகத்தில் சேராத புதியவருக்கும் விபத்துக் காப்புறுதி உண்டு. ஆனால் பயிற்றுநர் அருகில் நின்று, தம் றிமோட்டைப் புதியவரின் றிமோட்டுடன் இணைத்திருக்க வேண்டும்; புதியவரோ றிமோட்டைத் தொடுமுன் தம் பெயரையும் பாடம் தொடங்கும் நேரத்தையும் பதிவேட்டில் எழுதவேண்டும். பயிற்றுநர் யோன்சன், மன்னார்ப் பிள்ளை, "ஐயா, பேரையும் நேரத்தையும் எழுதுங்கோ, நான் கேபிளைக் கொழுவுறன்" என்றார். மணி பதினொன்று பத்து. பேனாவைத் திறந்தேன், தாங்கள் என் காதருகே, "இந்த ஊர்ச் சூரிய உதயப்படி பன்னிரண்டுக்குப் பத்து நிமிசம் இருக்குமட்டும் ராகுகாலம் கண்டியளோ, இப்ப எழுதலாமோ?" என்றீர்கள். பாடத்தைப் பிற்போடவும் ஏலாது. பன்னிரண்டு மணிக்கு யோன்சன் தேவாலயத்தில் ஒரு குழந்தைக்கு ஞானத்தந்தையாக நிற்கவேண்டும். ஆகவே பன்னிரண்டு என்றே எழுதினேன். "அது நல்ல நேரம்" என்று தாங்களும் தலையசைத்தீர்கள்.

பதினொன்றேகாலுக்கு விமானம் எழுந்தது. "இடப்பக்கம் ஐயா, இடப்பக்கம்!" என்று யோன்சன் கத்தினார். அறுபது ஆண்டு கோயிலில் வலம்வந்த கை வலப்பக்கமே தள்ளியது. அவர் தம் றிமோட்டுக்கு மாற்றுமுன் விமானம் தங்கள் காரை அடைந்துவிட்டது. "நீங்கள் ராகுவைப் பேய்க்காட்டி ஏமாத்தப் போனியள், அவர் சம்பந்தியின்ரை காருக்குள்ள இருந்து பார்த்துக்கொண்டெல்லோ இருந்திருக்கிறார்" என்று என் இல்லாள் சுந்தரேஸ்வரி இன்றுவரை சிரிக்கிறாள்.

சென்ற வாரம் காப்புறுதிக்காரரின் கடிதம் வந்தது. விபத்து பதினொன்றேகாலுக்கு, பாடமோ பன்னிரண்டுக்கு. ஆகவே பாடம் தொடங்காத ஒருவரை யோன்சன் பறக்கவிட்டார், பொறுப்பு அவருடையதே என்கிறார்கள். கழகமும் அவருடைய பயிற்றுநர் உரிமையைப் பறிக்கப்போகிறது. அவரோ, "பரவாயில்லை ஐயா, நீங்கள் யோசிக்காதேங்கோ" என்கிறார். அதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு.

பதிவேட்டில் நான் எழுதியது பொய். பாடம் தொடங்கியது பதினொன்று பத்துக்கே. அருகில் நின்ற சாட்சி தாங்கள் ஒருவரே. ஒரு வரி எழுதி உதவவேண்டும். கோயில் சபைத் தலைவராகிய தாங்கள் காதில் சொன்னதை நான் மறைக்கவும் ஆயத்தம்; மணியை மட்டும் மறைக்க ஏலாது. இக்கடிதத்தின் பிரதியை, தாங்கள் விரும்பினால் அந்த வரியை மட்டும் விட்டு, மகள் ஆதிரை ஜெர்மனில் மொழிபெயர்த்துத் தருவாள், கழகத்திடம் ஒப்படைப்பேன். இனி எந்தத் தாளிலும் உண்மையல்லாத நேரத்தை என் கை எழுதாது. இது சிவன்மேல் ஆணை.

தங்கள் இல்லத்தில் சகல மங்களமும் பெருகுக. காருக்கும் விரைவில் கண்ணாடி வாய்க்குக.

இவ்வண்ணம்,
உருத்திரமூர்த்தி

பி.கு.: இன்று திங்கட்கிழமைதான். அட்டமி. நாளை நவமி. நல்ல காரியத்திற்கான கடிதமாகையால் புதன் என்று இட்டிருக்கிறேன். தபால் முந்தி வந்துவிட்டால், தயவுசெய்து புதன்வரை பிரிக்கவேண்டாம்.