வெண்டலுக்குப் பத்துக்குப் பத்து

மனிதகுலம் நிலையான வீட்டைக் கண்டுபிடித்தது குகைக் காலத்தில் அல்ல. அமெரிக்காவின் துலூத் நகரத்தில், ஏரியைப் பார்த்து நிற்கும் எங்கள் ஆறு அறை வீட்டில்தான். மனநலம் சரியில்லாமல் தெருவில் கிடந்த ஆறு பேரை ஒரே சமையலறையில் சேர்த்து 'நிலைப்பு' கற்றுக்கொடுக்கிறார்கள். நானும் ஒரு மாணவன். நாற்பத்தொன்பது வயதில் போர்வை மடிப்பதில் தேறியிருக்கிறேன்.

செவ்வாய்தோறும் மதிப்பீட்டுக் கூட்டம். மாத்திரை விழுங்கினால் மதிப்பெண். பாத்திரம் கழுவினால் மதிப்பெண். பக்கத்து அறைக்காரரைக் கடிக்காமலிருந்தால் கூடுதல் மதிப்பெண்.

போன டிசம்பரில் ஒரு செவ்வாய், மேற்பார்வையாளர் திருமதி குவிஸ்ட் கேக்கோடு வந்தார்.

"வெண்டல் பத்துக்குப் பத்து வாங்கிட்டார். இனி இவருக்கு ஆதரவு தேவையில்ல. ஒரு வாரத்துல அறையைக் காலி பண்ணிக்கலாம்."

வெண்டலுக்கு அறுபது வயது. எங்களுக்கெல்லாம் காட்டரிசி சூப் வைத்துப் போடுபவர்.

"எங்க போறது மேடம்?"

"அது உங்க சுதந்திரம், வெண்டல்."

வெளியே முழங்காலளவு பனி.

மாடி அறை டார்லா கேக்கை மென்றுகொண்டே, "மேடம், இந்த ஆளு அடுப்போட பேசுவாரு," என்றாள்.

"அடுப்பும் பதில் சொல்லும். நானே கேட்டிருக்கேன்," என்று சாட்சி சொன்னேன்.

"உப்பு அளவ வாய்விட்டுச் சொல்லிக்குவேன், அவ்வளவுதான்," என்றார் வெண்டல், மனம் நொந்து.

"வாய மூடு கெழவா, உனக்காகத்தான் புளுகுறோம்," டார்லா அவர் காதருகே பல்லைக் கடித்தாள். "தட்டை ஒடை."

உடைத்தார். அடுத்த நொடியே துடைப்பம் எடுத்து, ஒரு சில்லு விடாமல் பெருக்கி, எல்லாரிடமும் மன்னிப்பும் கேட்டார். திருமதி குவிஸ்டுக்குக் கண் கலங்கிவிட்டது. மதிப்பீட்டுத் தாளின் 'கோபத்தைக் கையாளுதல்' கட்டத்திலும் முழு மதிப்பெண் போட்டார்.

வெண்டல் 'பட்டம் பெற்று' பாலத்தடிக்குப் போனார். ஆறே வாரத்தில் மதிப்பெண் இரண்டாகச் சரிந்தது. 'தகுதி' வந்துவிட்டதால் அதே அறையைத் திரும்பக் கொடுத்தார்கள். ஆண்டறிக்கையில் அவர் இரண்டு வெற்றிகள்: தேறிப் போனவர் ஒருவர், புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர். பனி தின்ற மூன்று கால்விரல்களுக்கு அறிக்கையில் கட்டம் இல்லை.

இப்போது எனக்கு ஒன்பது மதிப்பெண். திருமதி குவிஸ்ட் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பூரிக்கிறார். நாளை செவ்வாய்.

வெண்டல் நொண்டிக்கொண்டே என் அறைக்கு வந்தார். நான் அழகாக மடித்து வைத்திருந்த போர்வையை உதறித் தரையில் போட்டார்.

"நாளைக்கு வரைக்கும் இப்படியே கிடக்கட்டும்," என்றார். "வீடு வேணும்னா குணமாயிடாதடா."