ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு ஒரு புரோகிராம்

கறி விஷயத்தில் இனி மதிவதனியிடம் கெஞ்சுவதில்லை என்று முடிவெடுத்தேன். கல்யாணமாகி இருபது வருஷத்தில் நானாக எடுத்த முதல் முடிவு.

வேங்கிக்காலில் ஒரு அலுவலகத்தில் நான் கிளார்க். வேலை முடிந்ததும் செங்கம் ரோட்டில் ஒரு மாடியில் நடக்கும் கம்ப்யூட்டர் புரோகிராம் வகுப்புக்குப் போகிறேன். சொல்லிக்கொடுக்கும் வினோதினி மேடத்துக்கு என் வயதில் பாதி. "வீட்டுல இருக்கற ஒரு பிரச்சினைக்குப் புரோகிராம் எழுதிட்டு வாங்க சார்" என்றார்.

என் வீட்டில் பிரச்சினை ஒன்றுதான். ஆட்டுக்கறி. திங்கள் அண்ணாமலையாருக்கு. செவ்வாய் முருகனுக்கு. வியாழன் குருவுக்கு. வெள்ளி அம்மனுக்கு. சனி பெருமாளுக்கு. மிச்சமிருக்கும் புதனிலும் ஞாயிறிலும் பௌர்ணமி, அமாவாசை, கிருத்திகை, பிரதோஷம் என்று ஏதாவது வந்து உட்கார்ந்துகொள்ளும். எதுவுமே வராவிட்டால், "இன்னைக்கு என்னமோ விசேஷம்ங்க, மனசு சொல்லுது" என்பாள். அந்த மனசை ஒழிக்கத்தான் புரோகிராம்.

"மதி, விரத நாளெல்லாம் சொல்லு. லேப்டாப்புல ஏத்தறேன்."

"எதுக்குங்க?"

"இனிமே கறி உண்டா இல்லையான்னு அது சொல்லும். ரெண்டு பேரும் அதைக் கேட்டு நடக்கணும்."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்."

"அண்ணாமலையார் மேல சத்தியமா?"

"சத்தியமா."

வெங்காயம் உரித்துக்கொண்டே வருஷம் முழுவதற்கும் திதி சொன்னாள். எதையும் பார்க்கவில்லை. தட்டிக்கொண்டே மலைத்துப்போனேன். புரோகிராம் ஓட மறுத்தபோது எட்டிப் பார்த்தாள்.

"இந்த வரி உள்ள தள்ளி இருக்கணும்னு நேத்து நீங்கதான சொன்னீங்க?"

தள்ளினேன். ஓடியது. வகுப்பில் கேட்டதையெல்லாம் தினமும் இவளிடம் வந்து அளந்தது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். பாவி நான்.

ஞாயிறு காலை. ஒரு கிலோ கறியோடு வந்து, மீசையைத் தடவிக்கொண்டு பட்டனைத் தட்டினேன்.

"கறி உண்டு" என்றது திரை. அதற்குக் கீழே, நான் எழுதாத ஒரு வரி: "சமைப்பவர்: இளவரசன்." இளவரசன் நான்தான்.

"மதி! இதை யாரு எழுதினது?"

"நாந்தாங்க. நீங்க ஆபீஸ் போயிருந்தப்ப."

"பேரை மாத்திடுவேன்!"

"மாத்திக்குங்க."

மாற்றினேன். சமைப்பவர் மதிவதனி. "கறி இல்லை" என்றது. என் பெயரைப் போட்டேன். உண்டு. அவள் பெயர். இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால், கடைசியில் அவள் எழுதியது நாலு வரி. நாலையும் அழித்தேன். புரோகிராமே படுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் திரும்பச் சேர்த்தேன்.

"சத்தியம் பண்ணியிருக்கீங்க" என்று நாற்காலியை அடுப்படிக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கொழுப்பைத் தனியா எடுங்க. மூணு தண்ணி அலசுங்க. மசாலா இன்னும் நைசா அரைங்க. ஐயோ, அடி பிடிக்குது பாருங்க!"

விசில் வருவதற்குள் என் இடுப்பு விட்டுப்போயிற்று. அப்புறம் அந்த எண்ணெய்ப் பாத்திரங்கள். தேய்க்கத் தேய்க்கத்தான், இத்தனை வருஷமாய் அவள் மனசு சொன்ன விசேஷம் எதுவென்று எனக்கு விளங்கியது. நிஜமாகவே வெட்கமாயிருந்தது.

மறுநாள் வகுப்பில் வினோதினி மேடம் என் புரோகிராமை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார்.

"மேல இருக்கறது பரவால்ல சார். இந்தக் கடைசி நாலு வரி பிரமாதம். எந்தப் பக்கம் போனாலும் தப்பிக்கவே முடியாது."

"என் வீட்டுக்காரம்மா எழுதினது மேடம்" என்றேன். தோற்றவனுக்கு இவ்வளவு பெருமை வரக்கூடாதுதான். வந்தது.

புதன்கிழமை வீட்டுக்குள் கால் வைக்கிறேன்.

"ஏங்க, இன்னைக்குக் கறி உண்டாம். லேப்டாப்பு சொல்லுது."

"இன்னைக்குப் பிரதோஷமாச்சே!"

"அதை எடுத்துட்டேங்க. சாமிகிட்டக் கேட்டுக்கிட்டுதான் எடுத்தேன். ஜாஸ்தி விரதம் உடம்புக்கு ஆவாது. அதுவுமில்லாம உங்க கைப்பக்குவம் இருக்கே, நாக்குலயே நிக்குது!"

ஒரு தடவை வெட்கப்படலாம். வாரத்துக்கு இரண்டு தடவை சமைக்க முடியுமா? இருப்பதிலேயே பெரிய அஸ்திரத்தை எடுத்துவிட்டேன்.

"மதி, நான் கறியையே விட்டுட்டேன். இனிமே சுத்த சைவம்."

"ரொம்ப நல்லதுங்க. அப்ப எனக்கு மட்டும் அரைக் கிலோ பண்ணிடுங்க."