ஏரோப்பிளானுக்கு விரித்த துணி

கொட்டகையில் மடித்து வைத்திருந்த வெள்ளைக் கித்தானைக் கரையான் தின்றுவிட்டது. மணியம் தூக்கியதும் தவிடாகக் கொட்டியது.

குளுவாங் ரப்பர் தோட்டத்தில் மரங்களை வெட்டிச் சமப்படுத்திய அந்தப் புல்வெளிக்கு அவன்தான் காவல்காரன். பட்டாளத்து ஏரோப்பிளான் வரும் நாளில் கித்தானை நடுவில் விரிக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் மேலே இருப்பவர் இறங்குவார். போன தடவை மணியம் தூங்கிவிட்டான். ஏரோப்பிளான் திரும்பிப் போய்விட்டது.

"இண்டைக்கும் இறங்காமல் போச்சுதெண்டால் உனக்கு வேலையுமில்லை, வீடுமில்லை" என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஐயாத்துரை சொல்லியிருந்தார்.

மணியம் வீட்டுக்கு ஓடினான். மனைவி கருப்பாயி, தோட்டத்து மானேஜர் துரையின் துணிகளைத் துவைத்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏய், அந்தப் படுக்கை விரிப்பைக் குடு!"

"துரை ராத்திரி எதுல படுப்பாரு? உங்க மடியிலயா?"

பிடுங்கிக்கொண்டு ஓடினான். கூடையோடு அவளும் பின்னால் ஓடினாள்.

விரித்தான். காற்று தூக்கியது. மூலைக்கு மூலை செம்மண் கட்டிகளை வைத்தான். தூறல் போட்டது. மண் கரைந்து விரிப்பெல்லாம் சிவந்தது.

"அலமாக்! வெத்தலை போட்டுத் துப்புன மாதிரி ஆக்கிட்டீங்களே!"

"வெள்ளையா வேற என்ன இருக்கு?"

"துரையோட சட்டையும் கால்சட்டையுந்தான். தொட்டீங்க, அப்புறம்..."

தொட்டுவிட்டான். சட்டைக்குக் கீழே கால்சட்டை, பக்கத்தில் இன்னொரு ஜோடி என்று ஆறு ஜோடியையும் வரிசையாகப் பரப்பினான். இடம் நிறையட்டுமென்று சட்டைக் கைகளை அகல விரித்துவிட்டான். காற்றுக்குப் பயந்து ஒவ்வொரு நெஞ்சிலும் ஒரு செம்மண் கட்டி. தூறல் நிற்கவில்லை.

ஏரோப்பிளான் வந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. மரங்களை உரசுவதுபோல் தாழப் பறந்து, மறுபடி மேலே ஏறியது.

"போச்சு! சட்டி பானையைக் கட்டுங்க" என்று கருப்பாயி தலையில் கைவைத்தாள்.

சொல்லி வாய் மூடவில்லை. அது திரும்பி, விழுந்தடித்துக்கொண்டு இறங்கியது.

"பாத்தியா புள்ள, ஒம்புருஷன் மூளையை!"

வெள்ளைக்காரர் ஒருவர் மருந்துப் பெட்டியோடு குதித்து, இவர்களை நோக்கி ஓடிவந்தார். மணியம் விறைப்பாக நின்று சலாம் வைத்தான். அவர் மூச்சிரைக்க ஏதோ கேட்டார். அதற்குள் சைக்கிளில் வந்து சேர்ந்த ஐயாத்துரை அதைக் கேட்டு வெளிறிப்போனார்.

"என்னாங்கய்யா சொல்றாரு? அடையாளம் நல்லாத் தெரிஞ்சிச்சாமா?"

"நல்லாத் தெரிஞ்சதாம், மணியம். நெஞ்சிலை வெட்டுப்பட்டுக் கிடக்கிற ஆறு துரைமாரிலை ஆருக்கு இன்னும் உயிர் இருக்கெண்டு கேக்கிறார்."