பெட்டி வீட்டுக்கு ஏற்ற தோட்டம்

"மரத்துல கை வச்சே, கையை முறிச்சிடுவேன்!" என்று கத்தினார் துஹாமி.

மச்சினன் அனஸ் அசரவில்லை. பாரிஸில் மூன்று மாதம் இருந்துவிட்டுச் சொந்த ஊரான மெக்னெஸுக்குத் திரும்பியதிலிருந்து அவன் எதற்கும் அசருவதில்லை.

"கோவிச்சுக்காதீங்க மச்சான். உங்க வீடு வளைவு, ஓடு எதுவும் இல்லாத வெள்ளைப் பெட்டி. தோட்டத்துல ரோஜா, புதினா, வாசல்ல கசப்பு ஆரஞ்சு மரம். கோட்டு சூட்டுக்குக் கீழ வீட்டுச் செருப்பு மாட்டின மாதிரி இருக்கு. வரப்போற மாப்பிள்ளையோ, வீடு கட்டுற எஞ்சினியர். பார்த்ததும் சிரிச்சிடுவான்."

அது சுட்டது. மகள் நுஹைலாவை வெள்ளிக்கிழமை ரபாத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். இதற்கு முன் வந்த இரண்டு இடங்களும் கை நழுவிப் போயின. தரகி ராபியா கொண்டுவந்த இந்த இடமும் போனால், மனைவி பதூல் அவரை உயிரோடு விடமாட்டாள்.

"மரம் மட்டும் இருக்கட்டும்டா. ஊரே நம்மளை ஆரஞ்சு மரத்து வீடுன்னுதான் சொல்லுது."

"இனிமே நவீன வீடுன்னு சொல்லட்டும்."

ரோஜாவும் புதினாவும் போயின. வெள்ளைச் சரளைக் கல் வந்தது. மறுநாள் வெயில் கல்லில் பட்டுத் தெறித்து வீட்டுக்குள் பாய்ந்தது. பதூல் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கூஸ்கூஸ் கிளறினாள்.

"உங்க மூளையும் கூசிப்போச்சா?" என்றாள்.

கண் கூசும் வெளிச்சத்தை மறைக்க அனஸ் ஆள் உயரக் கள்ளிகளை நட்டான். அவற்றின் அழகைத் தள்ளி நின்று ரசிக்கப் பின்வாங்கிய துஹாமி, வேறொரு கள்ளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது அவருக்கு உலகத்தின் மேலேயே கோபம்.

"இப்ப மரம்தான் ஒட்டவே இல்ல மச்சான்."

"பிடுங்கித் தொலை! எல்லாத்தையும் பிடுங்கு! என்னையும் சேர்த்துப் பிடுங்கு!"

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மக்கி சுவருக்கு மேல் தலையை நீட்டினான். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன்.

"வெட்டவா போறீங்க? எனக்குக் குடுத்துடுங்களேன்."

"தூக்கிட்டுப் போய்யா!"

வேரோடு மண்ணோடு மரம் அவன் வாசலுக்குப் போனது. அவனுடையது வளைவு வாசல் வைத்த பழைய பாணி வீடு. மரம் அங்கேயே முளைத்ததுபோல் நின்றதைப் பார்த்துத் துஹாமியின் வயிறு எரிந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. புது ஜெல்லாபா அணிந்து கள்ளிகளுக்கு நடுவே ஜாக்கிரதையாக நின்றார் துஹாமி. வருகிறவர்களை வரவேற்க வெள்ளித் தட்டில் பாலும் பேரீச்சம்பழமும் தயார்.

"தேநீருக்குப் புதினா எங்கே?" என்று கேட்டார்.

"சரளைக்கல்லுக்குக் கீழ தேடுங்க!"

புதினா வாங்கக் கடைக்கு ஓடியவன் அனஸ். பிற்பகல் அசர் தொழுகை முடிந்தது. யாரும் வரவில்லை. பாலில் ஆடை படிந்தது. நுஹைலா கண்மை கலையக் கலைய மூன்றாம் முறை தீட்டினாள்.

"சொன்ன நேரத்துக்கு வரத் தெரியாத கும்பலுக்கா என் பொண்ணைக் குடுக்கறது?" என்று துஹாமி குதித்தார்.

அழைப்பு மணி அடித்தது. குதித்தவரே ஓடிப்போய்ச் சிரித்த முகமாகக் கதவைத் திறந்தார். மக்கி வீட்டு வேலைக்காரி ஸஹ்ரா காலித் தட்டோடு மூச்சு வாங்க நின்றாள்.

"ஹாஜி, கொஞ்சம் பாலும் பேரீச்சம்பழமும் குடுங்க. எங்க வீட்டுப் பொண்ணைப் பாக்கத் திடீர்னு ஆளுங்க வந்துட்டாங்க. பொண்ணும் புடிச்சுப்போய் ஃபாத்திஹாவே ஓதி நிச்சயம் பண்ணியாச்சு. எங்க அதிர்ஷ்டத்தைப் பாருங்க, 'ஆரஞ்சு மரத்து வீடு எது'ன்னு தெருவெல்லாம் விசாரிச்சுக்கிட்டு ரபாத்திலேர்ந்து வந்திருக்காங்க!"