நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் பைத்தியமானவர்

தனக்குப் பைத்தியம் பிடிக்கப்போகும் வயதை முன்கூட்டியே ஊருக்கெல்லாம் அறிவித்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் போடிநாயக்கனூரில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் அங்கே ஓர் ஏலக்காய்க் கடையில் கடிதம் எழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். முதல் நாள், நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை. காக்கிச் சட்டையும் வேட்டியுமாக ஒருவர் வந்து என் எதிரே நின்றார்.

"தம்பி புதுசா? நான்தான் இங்க ஜீப்பு ஓட்டுறவன். என்னையப் பத்தி யாரும் சொன்னாகளா?"

"இல்லையேண்ணே."

"எனக்கு முப்பத்தஞ்சு வயசுல பைத்தியம் பிடிச்சிரும். இப்பத்தான் முப்பத்திமூணு. இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு. அதுவரைக்கும் பயப்படாமப் பேசலாம்."

சொல்லிவிட்டு ஒரு கடலை மிட்டாயை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நான் மிரண்டுபோய்ச் சுற்றிலும் பார்த்தேன். கடையில் ஒருவரும் தலை நிமிரவில்லை. மழை வரும், பஸ் வரும் என்பதுபோல அதையும் எப்போதோ கேட்டு முடித்திருந்தார்கள். ஊர் அவருக்கு வைத்திருந்த பெயர் 'நோட்டீஸ்'. அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தேவைப்படவில்லை.

அவர் சும்மா உளறவில்லை. காரணம் வைத்திருந்தார். அவருடைய தாத்தா ராசிங்காபுரத்தில் விவசாயி. மலைக்கு அந்தப் பக்கம் கொட்டுகிற மழை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டேன் என்கிறதே என்று யோசித்து யோசித்து, ஒருநாள் மலையை உடைத்து மழைக்கு வழிவிடக் கடப்பாரையோடு கிளம்பினார். திரும்பி வரவில்லை. அப்பாவோ பத்து நாள் கண்ணை மூடாமல் தன் நிலத்தை உழுதார், பக்கத்து நிலத்தை உழுதார், அது தீர்ந்ததும் ஊர்ப் பொது மந்தைவெளியை உழ ஆரம்பித்தார். இரண்டு பேருக்கும் அப்போது வயது முப்பத்தைந்து என்பது நோட்டீஸின் தீர்மானம். "ராசிங்காபுரத்துல யாருண்ணே பொறந்த தேதி எழுதி வச்சாக?" என்று ஒருமுறை கேட்டதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

"ரத்தம் தம்பி, ரத்தம். மூக்கு எங்கப்பா மாதிரி இருக்குல்ல? மூளையும் அப்பிடித்தான இருக்கும்?" என்பார். அதற்காகவே கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. பெண் கொடுக்க வந்த இரண்டு குடும்பத்தாரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, தாத்தாவின் கடப்பாரைக் கதையைச் சொல்லி அனுப்பிவைத்தார்.

இரண்டே வருடம்தான் பாக்கி என்று முடிவு செய்துவிட்ட மனிதர் எப்படி வாழ்வாரோ அப்படி வாழ்ந்தார். கோட்டகுடி ஆற்றில் வெள்ளம் போகும்போது அக்கரையில் வெற்றிலை வாங்கிவர நீந்திப் போனார். இக்கரையிலேயே நாலு வெற்றிலைக் கடை இருந்தது. மலைப்பாதையில் பனி மூடியிருக்கும்போது ஒற்றைக் கையால் ஜீப்பைத் திருப்பி, மறு கையால் பீடி பற்றவைப்பார். கூட வருகிறவர்கள் கத்தினால், "எனக்கு வரவேண்டியது ஏற்கெனவே எழுதியாச்சு தம்பி. அதுக்கு முந்தி வேற ஒண்ணும் வராது" என்று சிரிப்பார். நம் பக்கம் அப்போது மதுவிலக்கு. போடிமெட்டைத் தாண்டினால் மலையாள நாடு, அங்கே கள்ளுக்கடை உண்டு. தோட்டத்துக்கு ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்களை இறக்கிவிட்டு, அவர்கள் வேலை முடித்து வரும்வரை அங்கேதான் காத்திருப்பார்.

அந்தப் பெண்களுக்குத் தலைவி பேச்சியக்கா. கட்டையான உருவம், கணீர்க் குரல். மதியத்தோடு வேலை முடிந்த ஒருநாள், போடிமெட்டில் ஜீப் கிளம்பும்போது அவள் மூக்கைச் சுளித்தாள்.

"வண்டிய நிப்பாட்டு அப்பு."

"எதுக்குக்கா?"

"உனக்குத் தேதி குறிச்சிருக்கு. எங்களுக்குக் குறிக்கல. எறங்குங்கடி எல்லாரும்."

பன்னிரண்டு பெண்களும் இறங்கி மலைப்பாதையில் நடக்கத் தொடங்கினார்கள். பின்னாலேயே காலி ஜீப் முதல் கியரில் உறுமிக்கொண்டு வந்தது. "ஏறுங்க ஆத்தா! முதலாளி என்னையக் கொன்னுருவாரு!" என்று ஒவ்வொரு வளைவிலும் கும்பிட்டுக்கொண்டே வந்தார். நாலாவது வளைவில் ஓர் ஓடை விழுந்தது. பேச்சியக்கா ஜீப்பை நிறுத்தவைத்து, அவர் தலையை அந்தத் தண்ணீரில் மூன்று முறை முக்கி எடுத்தாள். பிறகு ரோட்டோரம் இரண்டு மணி நேரம் உட்காரவைத்தாள். ரோட்டில் கரிக்கட்டையால் கோடு கிழித்து, அதன்மேல் நடந்து காட்டச் சொன்னாள். காட்டிய பிறகுதான் ஏறினார்கள்.

வண்டி நகரும்போது அவள் சொன்னது கடைத்தெரு முழுக்கப் பரவியது. "பைத்தியம் வரும்போது வரட்டும் அப்பு. நீயாப் போய் வெத்தலபாக்கு வச்சு அழைக்காத."

அன்றோடு கள்ளை விட்டார். அதற்கடுத்த வாரம் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, உங்க எழுத்து அழகா இருக்கு. ஒரு நோட்டீஸ் எழுதித் தாங்க."

"என்ன நோட்டீஸ்?"

"எனக்குக் கிறுக்குப் பிடிச்சா ஊர்க்காரக என்ன செய்யணும்னு."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வேட்டியை விலக்கித் தன் கணுக்காலைத் தடவிக் காட்டினார். "எங்கப்பாவுக்கு இந்த இடத்துல தழும்பு. ஒரு கோயில்ல மரத்தோட சங்கிலி போட்டுக் கட்டிருந்தாக. நாந்தான் சோறு கொண்டுபோவேன். எட்டு மாசம். வாய் தெறந்து ஒரு வார்த்தை பேசல. ஒருநாள் மட்டும், 'இத அவுத்து விடுப்பா'ன்னாரு. எனக்கு அவுக்கத் தெரியல தம்பி. பைத்தியத்துக்கெல்லாம் நான் பயப்படல. சங்கிலிக்குத்தான் பயப்படுறேன்."

நான் பேனாவை எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மூன்று நாள் தூங்காமல் இருந்தால் ஜீப் சாவியைப் பிடுங்கிவிட வேண்டும். கெஞ்சுவேன், கொடுக்கக் கூடாது. கோடாங்கி, உடுக்கை வேண்டாம். மதுரையில் இதற்கென்று டாக்டர் இருக்கிறாராம், அவரிடம் கூட்டிப் போக வேண்டும். நான் என்ன பேசினாலும் எதிர்த்துப் பேசாமல் ஆமாம் போட்டுக் கூட்டிப் போக வேண்டும். சங்கிலி கூடாது, கயிறும் கூடாது. அந்த நேரத்தில் எல்லாரையும் கண்டபடி திட்டுவேன், அதற்கு இப்போதே மன்னிப்பு.

ஆறு பிரதி எடுத்தோம். முதலாளிக்கு ஒன்று, டீக்கடைக்கு ஒன்று, மலையில் செக்போஸ்ட்டுக்குக்கூட ஒன்று. பேச்சியக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள், முழுவதும் மனப்பாடம் செய்துகொண்டாள்.

முப்பத்தைந்து பிறந்தது. அன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடை பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். போகிற வருகிறவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். டீக்கடைக்காரர் மணிக்கொரு தரம் வந்து, "ஏதாச்சும் தெரியுதாண்ணே?" என்று விசாரித்தார். மாலைவரை ஒன்றும் தெரியவில்லை. கொட்டாவி விட்டார், அவ்வளவுதான். அந்த வருடம் போயிற்று. முப்பத்தாறும் முப்பத்தேழும் போயின. "என்ன நோட்டீஸ், படம் எப்ப ரிலீசு?" என்று கேலி செய்தார்கள். கல்யாணம் நின்றுபோன மாப்பிள்ளை மாதிரி அவர் தலை குனிந்து போவார். ஆனாலும் முகத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. ஒருநாள் என்னிடம் தனியாக, "தம்பி, வயசு தாண்டிருச்சுல்ல? இனிமே பொண்ணு பாக்கலாமோ?" என்று கேட்டார்.

முப்பத்தெட்டாவது வயதில் அது வந்தது.

ஏலக்காய் வந்து குவியும் மாதம். காலையில் நான் கடைக்குள் நுழையும்போது நோட்டீஸ் கடைச் சுவர் முழுக்கச் சாக்பீஸால் மலையை வரைந்திருந்தார். "எதுக்கு இத்தனை வளைவு? நேரா ஒரு ரோடு போட்டா அரை மணியில மேல போயிரலாம்!" முதலாளி எதிரே உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். சொன்னது அவ்வளவு நன்றாக இருந்தது. அரை மணி நேரம் கழித்துத்தான், நோட்டீஸ் மூச்சுவிடக்கூட நிறுத்தவில்லை என்பதைக் கவனித்தேன். கண் சிவந்திருந்தது. "தூங்கினீங்களாண்ணே?" என்று கேட்டேன். "தூக்கமா? நாலு நாளா அந்தச் சனியன் பக்கத்துலயே வரல. என்னா சுகமா இருக்கு தெரியுமா!"

நோட்டீஸை எழுதியவன் நான். எழுதிய கை மேஜைமேல் அப்படியே கிடந்தது. மேலே போகப் பெண்கள் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்கள். இன்று புது வழியாக நேரே ஏற்றிக் காட்டுகிறேன் என்று அவர் சாவியைச் சுழற்றிக்கொண்டு கிளம்பினார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் எனக்கு இருக்கிறது.

பேச்சியக்கா ஜீப் முன்னால் வந்து நின்றாள்.

"சாவியக் கொண்டா அப்பு."

முதலில் சிரித்தார். பிறகு கெஞ்சினார். பிறகு, அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகளால் அவளுடைய ஏழு தலைமுறையையும் இழுத்தார். அவள் ஒவ்வொன்றுக்கும் நோட்டீஸிலிருந்து ஒரு வரியை ஒப்பித்தாள். "கெஞ்சுவேன், குடுக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன? திட்டுவேன்னும் சொல்லிருக்க."

"அத எழுதச் சொன்னவன் வேற ஆளு! அவன் பயந்தாங்கொள்ளி!"

"அந்தப் பயந்தாங்கொள்ளிக்குத்தான்ப்பா நாங்க வாக்குக் குடுத்துருக்கோம். கொண்டா."

அவர் அழுதுவிட்டார். அழுதுகொண்டே கொடுத்தார். அவள் சாவியைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகினாள். யாரோ கயிறு எடுத்துவந்தார்கள். முதலாளி அதைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார். "ஏப்பா, மதுரையில ஒரு பெரிய ஆளு உன் ரோட்டுத் திட்டத்தக் கேக்கணுமாம். வா, என் கார்லயே போவோம்" என்றார். மதுரைவரை நோட்டீஸ் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த ரோட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். உசிலம்பட்டி தாண்டுவதற்குள் பதினாறு பக்கம் எழுதிவிட்டேன்.

டாக்டர் அந்தப் பதினாறு பக்கத்தையும் புரட்டினார். பிறகு நான் கொண்டுபோன நோட்டீஸை வாங்கி இரண்டு முறை படித்தார். தாத்தா, அப்பா கதையைக் கேட்டார். "குடும்பத்துல இருந்தா வரலாம், வராமலும் போகலாம். இவருக்கு வந்துருச்சு. ஆனா எடுத்துச் சொல்லவும் கூட்டிட்டு வரவும் ஆள் இருக்கு" என்றார். "அவங்கப்பாவுக்கு யார் இருந்தா?" என்று கேட்டார். நான் கோயிலுக்குச் சோறு கொண்டுபோன பையனைப் பற்றிச் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து நோட்டீஸ் ஊருக்குத் திரும்பி வந்தார். இளைத்திருந்தார், மருந்தினால் கை நடுங்கியது. வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார். "அதான் முன்னாடியே கேட்டுட்டீகளேண்ணே" என்று டீக்கடைக்காரர் நோட்டீஸை எடுத்துக் காட்டினார். சாவி மட்டும் கிடைக்கவில்லை. டாக்டர் சொல்லட்டும் என்றாள் பேச்சியக்கா. அதுவரை வேறு டிரைவர் ஓட்ட, நோட்டீஸ் பின்னால் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து போனார். வெள்ளத்தில் நீந்தி வெற்றிலை வாங்கியவர் ஒவ்வொரு வளைவிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் போப்பா! பனியா இருக்கு! ஆரன் அடி!" என்று அலறிய அலறலில் அந்த டிரைவர் இரண்டே மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டான்.

அதற்குள், இனி வண்டி ஓட்டலாம் என்று மதுரை டாக்டரிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. பேச்சியக்கா சுருக்குப் பையைத் திறந்தாள்.

அன்று காலை பெண்கள் ஏறி உட்கார்ந்தார்கள். நோட்டீஸ் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிளப்பாமல் இருந்தார். கை நடுக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. நான் கடையை விட்டு இறங்கிப் போய் முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீங்க எங்க தம்பி? மேல சோலி இருக்கா?"

"ஆமாண்ணே. கொஞ்சம் சோலி இருக்கு."

அவர் தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார். மேலே எனக்கு எந்த வேலையும் இருக்கவில்லை.