ஒரு போல்ட் மிச்சம்

வேலையெல்லாம் முடிந்து, கையைத் துடைத்துக்கொண்டு காரின் பானட்டை மூடப் போகும் நேரத்தில், முன்சக்கரத்தின் பக்கத்தில் அது கிடந்தது. கறுப்பாக, சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு போல்ட்.

வேறு யாராவது பார்த்திருந்தால் காலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் குளிக்கப் போயிருப்பார்கள். பார்த்தவர் கணக்குப்புலி. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் உதவியாளர். வயிற்றைத் திறப்பதற்கு முன்னால் தட்டில் எத்தனை கத்தி, எத்தனை கத்தரி, எத்தனை பஞ்சு என்று எண்ணுவதும், தைப்பதற்கு முன்னால் அத்தனையும் திரும்பி வந்துவிட்டனவா என்று எண்ணுவதும்தான் அவருடைய உத்தியோகம். ஒருமுறை ஒரு பஞ்சு குறைகிறது என்று சொல்லித் தையல் போடவே விடவில்லை. பெரிய டாக்டர் உள்ளே துழாவு துழாவென்று துழாவினார். கடைசியில் அது பெரிய டாக்டரின் செருப்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று வைத்த பெயர் கணக்குப்புலி. தெருவிலும் அதுவே நிலைத்துவிட்டது.

அப்படிப்பட்டவர் வீட்டு வாசலில் ஒரு போல்ட் கூடுதல்.

"சீஃப், இது எங்கேருந்து வந்துச்சு?"

சீஃப் பக்கத்து வீட்டுக்காரர். ஓய்வு பெற்ற லிஃப்ட் என்ஜினீயர். தெருவில் யார் எதைத் திறந்தாலும், தண்ணீர் மோட்டாரோ தையல் மெஷினோ, தன்னுடைய மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். கை அழுக்காகாது, வாய் ஓயாது. காலையில் பானட் திறக்கும் சத்தம் கேட்டதுமே வந்து முன்சக்கரத்தை ஒட்டி டமாரென்று நாற்காலியை விரித்தவர், வெயில் ஏறியதும் சுவரோரத்து நிழலுக்கு நகர்ந்திருந்தார்.

போல்ட்டை வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"இன்னிக்கு மாட்டினீங்களே, அந்த டப்பாவோட வந்ததா?"

"இல்ல. அதோட வந்ததெல்லாம் உள்ளே மாட்டியாச்சு. எண்ணிட்டேன்."

"அப்ப என்ஜினோடதுதான். கையில வெச்சாலே தெரியுதே. சூட்டைத் தாங்குற எஃகு. சாதாரண சாமானுக்கு இப்படி போல்ட் போட மாட்டான்." சீஃப் குரலைத் தாழ்த்தினார். "டர்போ பக்கத்துது தம்பி."

புலி போல்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் அந்த டர்போ வைத்த காரை வாங்கிய நாளிலிருந்து, அந்த வார்த்தை இல்லாமல் அவர் ஒரு பேச்சை முடித்ததில்லை. "மழை வரும்போல இருக்கு" என்றால், "டர்போவுக்குக் குளிர்ந்த காத்து நல்லது" என்பார். இந்த நிலையில்தான் ஒரு வீடியோவில் ஆயில் கேட்ச் கேனைப் பார்த்தார். பளபளவென்று ஒரு டப்பா, இரண்டு குழாய். வீடியோக்காரர் சீட்டியடித்துக்கொண்டே மாட்டி முடித்து, "பத்து நிமிஷ வேலை நண்பர்களே" என்றார். அதற்குப் பிறகு புலிக்குத் தூக்கம் போய்விட்டது.

"அது எதுக்குங்க?" என்று காலையில் மனைவி கேட்டாள்.

"என்ஜின் மூச்சு விடும். அந்த மூச்சுல எண்ணெய் ஆவி கலந்திருக்கும். அது டர்போவுக்குள்ள போய்ப் பிசுக்குப் பிசுக்கா படியும். இந்த டப்பா அதை நடுவுலயே பிடிச்சுக்கும்."

"இத்தனை நாளா பிடிக்காம என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"அப்புறம்?"

"ஒண்ணும் ஆகாம இருக்கத்தான்."

மனைவி பேச்சை மாற்றினாள். "இன்னிக்குச் சாயங்காலம் தங்கச்சி வர்றா. அஞ்சு வருஷமாச்சு அவளைப் பாத்து. அவ போன அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

புலிக்கு ஞாபகம் இருந்தது. அன்றைக்குப் பழைய காரின் ஹாரனைக் கழற்றிவைத்திருந்தார். அதைத் திரும்ப மாட்டி ஏர்போர்ட் போய்ச் சேர்ந்தபோது விமானம் கிளம்பிவிட்டது. தங்கையை வழியனுப்ப முடியாமல் கண்ணாடிக் கதவில் கையை வைத்துக்கொண்டு மனைவி நின்ற நிற்பை அவர் மறக்கவில்லை.

"இன்னிக்கு அவ வெளியே வரும்போது முதல் ஆளா நான் நிக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்" என்றாள்.

"பத்து நிமிஷ வேலைம்மா."

உண்மையில் பத்து நிமிஷ வேலைதான். புலிக்கு ஒரு மணி நேரம் பிடித்தது, அவ்வளவுதான். டப்பா மாட்டியாயிற்று, என்ஜினும் பூனை மாதிரி ஓடிக் காட்டியது. இந்தப் போல்ட் மட்டும் கண்ணில் படாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"வண்டிதான் நல்லா ஓடுதே சீஃப்?" என்றார் புலி, கெஞ்சுகிற குரலில்.

"நல்லாத்தான் ஓடும். கம்பி தேஞ்ச லிஃப்ட்டும் அறுந்து விழுற வரைக்கும் நல்லாத்தான் ஓடும்."

"இது கார் ஆச்சே."

"ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. அது மேல போகுது, இது முன்னால போகுது." இதைச் சொல்லிவிட்டு சீஃப் சாய்ந்தார். நாற்காலி கிரீச்சிட்டு ஒரு பக்கமாக இறங்கியது. அவர் முகத்தைச் சுளித்தார். "உங்க தரை சமமா இல்லையே. கொத்தனார் ஏமாத்திட்டான். எனக்கு உக்காந்தாலே தெரிஞ்சுடும்."

புலி ஓடிப்போய் ஓட்டுச்சில்லு ஒன்றைக் கொண்டுவந்து நாற்காலிக் காலுக்கு அண்டைகொடுத்தார்.

திறப்பதற்கு முன்னால் எண்ணவில்லை என்பதுதான் அவரை அரித்தது. ஊரார் வயிற்றுக்கெல்லாம் எண்ணியவர், சொந்தக் காருக்கு எண்ணவில்லை. வீடியோவில் யாரும் எண்ணாததால் அவருக்கும் தோன்றவில்லை.

இனியாவது கணக்கு தவறக் கூடாது என்று, மனைவியின் மேஜையிலிருந்து சிவப்பு நெயில் பாலிஷை எடுத்துவந்து அந்தப் போல்ட்டின் தலையில் ஒரு பொட்டு வைத்தார். மற்ற போல்ட்டுகளோடு கலந்துவிடாமல் இருக்க அதைத் தனியாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றினார்கள். கழற்றினார்கள் என்றால் புலி கழற்றினார், சீஃப் பார்த்தார். அங்கே எல்லாப் போல்ட்டும் இருந்த இடத்தில் இருந்தது. திரும்ப மூடும்போது ஒரு கிளிப் மட்டும் படக்கென்று ஒடிந்தது.

"அது சும்மா அலங்காரத்துக்கு வெச்சிருப்பான்" என்றார் சீஃப். "பேட்டரிக்கு அடியில பாருங்க."

பேட்டரி இணைப்பைக் கழற்றியதும் திருட்டு சைரன் அலறத் தொடங்கியது. தெருவில் ஜன்னல்கள் திறந்தன. எதிர்வீட்டு நாய் கூடவே ஊளையிட்டது. மனைவி கையில் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"வண்டி ரொம்பப் பத்திரமா இருக்குன்னு அர்த்தம்" என்றார் சீஃப். பிறகு புலியிடம், "அந்த மஞ்சள் ஒயரை வெட்டுங்க" என்றார்.

புலி வெட்டினார். சைரன் ஓயவில்லை. பச்சையை வெட்டினார். சைரன் ஓய்ந்தது. மஞ்சள் எதற்காக இருந்தது என்று சீஃப் சொல்லவில்லை, புலியும் கேட்கவில்லை.

"எத்தனை மணிக்குக் கிளம்பறோம்?" என்று மனைவி கேட்டாள்.

"மூணு மணிக்கு டாண்ணு கிளம்பறோம்."

பேட்டரிக்கு அடியிலும் எதுவும் குறையவில்லை. ஆக, சீஃப் முதலிலேயே சொன்னது சரி, டர்போதான். அதற்குப் போகும் பெரிய குழாயைக் கழற்றியபோது ஒரு வளையம் நழுவி உள்ளே எங்கேயோ விழுந்தது. அதை எடுக்க ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, அடித்தட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று. அடித்தட்டைக் கழற்றிய பிறகு, "இவ்வளவு தூரம் வந்தாச்சு, டர்போவையே இறக்கிப் பாத்துடலாமே" என்றார் சீஃப். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, டர்போவுக்குப் போகும் எண்ணெய்க் குழாயைத் தளர்த்தியதும் கறுப்பாகக் குபுக்கென்று கொட்டியது. புலியின் சட்டை, சிமென்ட் தரை, வாசற்படி, மனைவியின் ரோஜாத் தொட்டி எல்லாம் குளித்தன. எண்ணெய் பிடிக்கும் டப்பா ஒன்றில் மட்டும் ஒரு சொட்டு இல்லை.

டர்போ கீழே வந்தது. செய்தித்தாளின் மேல் குழந்தையைப் போலக் கிடத்தினார்கள். அதற்குரிய போல்ட்டுகள் அத்தனையும் எவர்சில்வர் தட்டில் வரிசையாக இருந்தன. எதுவும் குறையவில்லை. புலி சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பொட்டுப் போல்ட்டை எடுத்து, கண்ணில் பட்ட ஒவ்வொரு ஓட்டையிலும் வைத்துப் பார்த்தார். ஒன்றில் நுழையவில்லை, இன்னொன்றில் லொடலொடத்தது. பெண்ணுக்கு வரன் தேடும் தகப்பனைப் போல அலைந்தும் எந்த இடமும் பொருந்தவில்லை.

"விடாதீங்க தம்பி" என்றார் சீஃப், அண்டைகொடுத்த நாற்காலியில் ஜாக்கிரதையாகச் சாய்ந்து. "ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு வீடு உண்டு. அந்த வீடு எதுன்னு தெரியாம வண்டியை ரோட்டுல இறக்கினா, அது கொலைக்குச் சமம்."

கொலை என்றதும் புலி போல்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். மனைவியும் மைத்துனியும் பின்சீட்டில் சிரித்துப் பேசிக்கொண்டு வருவதும், டர்போ பிய்த்துக்கொண்டு பறப்பதும் அவர் கண்முன் வந்து போயின.

அந்த நேரத்தில்தான் மனைவி வந்தாள். புதுப்புடவை, கையில் பூங்கொத்து.

"ஏங்க, என் சிவப்பு நெயில் பாலிஷைப் பாத்தீங்..."

வாசலைப் பார்த்தாள். ஜாக்கியில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும் காரைப் பார்த்தாள். செய்தித்தாளில் கிடக்கும் டர்போவைப் பார்த்தாள். கருமை பூசிய ரோஜாத் தொட்டியையும், அதன் விளிம்பில் மூடி திறந்து நிற்கும் நெயில் பாலிஷையும் பார்த்தாள்.

புலி அவள் கத்துவாள் என்று காத்திருந்தார். கத்தியிருந்தால் தேவலை.

"அன்னிக்கு ஹாரன்" என்றாள் மெதுவாக. "இன்னிக்கு எதுங்க?"

"ஒரு போல்ட்டும்மா. எங்கேருந்து விழுந்ததுன்னு தெரியல. அது தெரியாம உன்னை எப்படி இந்த வண்டியில..."

அவள் போனை எடுத்து டாக்சி கூப்பிட்டாள். டாக்சி வர நேரமாயிற்று. அதுவரை கேட்டுக்கு வெளியே, வெயிலில், இவர் பக்கம் திரும்பாமலே நின்றாள். பூங்கொத்து வாடத் தொடங்கியது. புலி இரண்டடி முன்னால் வந்தார். உன்னைக் காப்பாற்றத்தான் இத்தனையும் என்று சொல்லத் துடித்தார். ஆனால் கையெல்லாம் கறுப்பாக இருக்கும்போது அப்படிச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று தோன்றியதால் கையைச் சட்டையில் தேய்த்துக்கொண்டே நின்றார்.

டாக்சி போனதும் சீஃப் தொண்டையைக் கனைத்தார். "பெண்களுக்கு மெக்கானிக்கல் விஷயம் புரியாது. நீங்க ரேடியேட்டர் பக்கம் பாருங்க."

ரேடியேட்டரும் கீழே இறங்கியது.

பொழுது சாயும் வேளையில் டாக்சி திரும்பி வந்தது. மைத்துனி முதலில் இறங்கி, "அத்தான்!" என்று சிரித்தாள். பின்னால் இறங்கிய மனைவியின் கண்கள் சிவந்திருந்தன. அவள் போய்ச் சேர்வதற்குள் தங்கை வெளியே வந்து, வரவேற்க ஒருவரும் இல்லாமல், பெட்டியின் மேல் உட்கார்ந்து வெகுநேரம் காத்திருந்தாளாம். இதை மனைவி சொல்லவில்லை. மைத்துனிதான், "அதனால என்ன அக்கா, அஞ்சு வருஷம் காத்திருந்தேன், இன்னும் கொஞ்ச நேரம்" என்று வாசலிலும் அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

மனைவி பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போகப் போனவள், நின்றாள்.

"போல்ட்டோட வீடு கிடைச்சுதா?"

"இல்லம்மா" என்றார் புலி. வாசல் முழுக்கக் கார் பரந்து கிடந்தது. அவர் கையில் அந்தச் சிவப்புப் பொட்டுப் போல்ட் மட்டும், இத்தனை நேரம் பிடித்திருந்ததில் சூடாக இருந்தது. "எல்லாத்தையும் கழட்டிப் பாத்துட்டேன். எதுலயும் ஒண்ணும் குறையல."

"கம்பெனியிலயே தப்பு பண்ணிருப்பான்" என்று தீர்ப்புச் சொன்னார் சீஃப். "நாம கண்டுபிடிச்சதால உயிர் தப்பிச்சோம்னு வெச்சுக்குங்க." பிறகு, நிழலுக்கு நகர்ந்ததற்கு அப்புறம் முதல்முறையாக, எழுந்து நின்றார். "பயணக் களைப்பா இருக்கும். உக்காரும்மா."

மைத்துனி உட்கார்ந்தாள். ஓட்டுச்சில்லு நழுவியது. நாற்காலி ஒரு பக்கமாகச் சரிய, அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தப்பினாள்.

"தரை அப்படிம்மா. கொத்தனார் சரியில்ல" என்றார் சீஃப்.

வெளிநாட்டில் கட்டில், மேஜை எல்லாவற்றையும் தன் கையாலேயே பாகம் பாகமாகப் பொருத்திப் பழகிய பெண் அவள். சிரித்துக்கொண்டே நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, குனிந்து பார்த்தாள். பிறகு நிமிராமலே கையை மட்டும் நீட்டினாள்.

"அத்தான், உங்க கையில இருக்கிறதை இப்படிக் குடுங்க, இந்த நாற்காலியில அதே மாதிரி மூணுதான் இருக்கு, நாலாவது ஓட்டை காலியா இருக்கு."